பணம் கைக்கு வந்தால்தான் வியாபாரம்: இணையத்தில் விற்கும் சிறு வியாபாரிகள் அறிய வேண்டிய கட்டண வழிகள்

ஈப்போ: தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பேராக்கின் பல வீடுகளில் முறுக்கு அச்சு வெளியே வந்துவிடும். சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், பாகான் டத்தோ, சிலிம் ரிவர் வட்டாரங்களில் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல உண்டு. முன்பு அக்கம்பக்கத்துக்கு மட்டும் செய்து கொடுத்த பலகாரத்தை அவர்கள் இன்று புலனம், முகநூல், டிக்டாக் வழியாகக் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் அனுப்புகிறார்கள். பலகாரம் மட்டுமல்ல. தைத்த ரவிக்கை, பூமாலை, ஊறுகாய், மசாலைத் தூள், கைவினை நகை என்று பட்டியல் நீளும்.

ஈப்போ புந்தோங்கில் இருக்கும் கம்போங் கச்சாங் பூத்தே இவர்களுக்கெல்லாம் மூத்த எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டின் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே வீட்டுத் தொழிலாக ஆரம்பித்த கடலை, பருப்பு, முறுக்கு வகைகள் இன்று நாடெங்கும் தெரிந்த பொருள்களாகிவிட்டன. பொருள் நன்றாக இருந்தால் வாங்க ஆள் இருக்கிறது என்பதற்கு புந்தோங்கே சாட்சி.

ஆனால் முகம் தெரியாத வாடிக்கையாளரிடம் பணம் வாங்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். “பேங்க் இன் பண்ணிட்டேன் அக்கா” என்று ரசீதுப் படம் வருகிறது, பணம் வருவதில்லை. பணம் வந்தாலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருகிறது. சில வேளை வாங்கியவர் வெளிநாட்டில் இருக்கிறார், எப்படி அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை. இன்று பணம் பெற எத்தனையோ வழிகள் இருக்கின்றன. எல்லாமே நல்ல வழிகள்தாம். ஆனால் எல்லாம் எல்லாருக்கும் பொருந்துவதில்லை.

555 புத்தகத்திலிருந்து கைப்பேசிக்கு

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் கடனாக எழுதப்படும். சம்பள நாளன்று கணக்கு தீரும். அந்த ஏற்பாடு நடந்ததற்குக் காரணம் உண்டு. கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், வீடு தெரியும், சம்பளம் எந்த நாள் என்பதும் தெரியும்.

இணைய வியாபாரத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. ஆகவே பழைய நம்பிக்கையின் இடத்தில் மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பணம் எப்போது என் கணக்கில் விழும்? அதில் எவ்வளவு வெட்டிக்கொள்வார்கள்? தகராறு வந்தால் நட்டம் யார் தலையில்? எந்தச் செயலியை யார் சிபாரிசு செய்தாலும், இந்த மூன்றுக்கும் பதில் கேட்ட பிறகே அதில் இறங்க வேண்டும்.

இரண்டாவது கேள்வியில் சிறு வியாபாரிகள் பலர் ஏமாறுகிறார்கள். கட்டணத்தை விலையோடு ஒப்பிட்டு ‘சின்னத் தொகைதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது இலாபத்தோடு. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பாக்கெட் முறுக்கு 12 ரிங்கிட். மாவு, எண்ணெய், எரிவாயு, பாக்கெட் எல்லாம் சேர்த்து அடக்கம் 9 ரிங்கிட். இலாபம் 3 ரிங்கிட். இதில் ஒரு ரிங்கிட் கட்டணம் போனால் விலையில் அது சுமார் 8 விழுக்காடு. இலாபத்தில் மூன்றில் ஒரு பங்கு. இந்த முறுக்குக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

அடிப்படை வழி: டுயிட்நாவ்

வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் கட்டமைப்பை நடத்துவது பேநெட் நிறுவனம். மெப்ஸ், மைகிளியர் ஆகிய இரண்டும் 2017-இல் இணைந்து உருவானது அது. 2018 டிசம்பரில் அது டுயிட்நாவ் சேவையைத் தொடங்கியது. வங்கிக் கணக்கு எண் இல்லாமலே கைப்பேசி எண், அடையாள அட்டை எண் அல்லது வணிகப் பதிவு எண்ணைக் கொண்டு பணம் அனுப்பலாம். சில வினாடிகளில் பணம் போய்ச் சேரும். தனிநபர்களும் சிறு நடுத்தரத் தொழில்களும் ஒரு முறைக்கு 5,000 ரிங்கிட் வரை உடனடியாக அனுப்பக் கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு 2018 ஜூலையிலேயே நடப்புக்கு வந்துவிட்டது.

முறுக்குக் கணக்கில் இதன் வெட்டு பூஜ்யம். பணமும் உடனே வருகிறது. சிறு வியாபாரிக்கு இதைவிட மலிவான வழி இல்லை.

இதில் ஒரு கவனம் தேவை. அடையாள அட்டை எண்ணை டுயிட்நாவ் எண்ணாகப் பதிந்து, அதை முகநூலில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் மோசடிக்காரர்களுக்குப் பயன்படும். வணிகப் பதிவு எண்ணைப் பதிவது நல்லது. முடியாவிட்டால் வியாபாரத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் கைப்பேசி எண்ணைப் பதியலாம்.

டுயிட்நாவ் கியூஆர் 2019-இல் வந்தது. இளஞ்சிவப்பு நிறத்தில் இன்று கடைதோறும் தொங்கும் அட்டை அதுதான். இதில் இணைந்திருக்கும் எந்த வங்கியின் செயலியிலிருந்தும், டச் என் கோ, பூஸ்ட் போன்ற மின் பணப்பைகளிலிருந்தும் அந்த ஒரே குறியீட்டுக்குப் பணம் செலுத்தலாம். ஒவ்வொரு பணப்பைக்கும் தனித்தனி அட்டை ஒட்ட வேண்டியதில்லை. அந்தக் குறியீட்டின் படத்தைப் புலனத்தில் அனுப்பினால், வாங்குபவர் அதைத் தம் கைப்பேசியில் சேமித்துவைத்துச் செயலியில் திறந்து பணம் செலுத்தலாம். சொந்தமாக இணையத்தளம் எதுவும் தேவையில்லை.

கியூஆர் கட்டணம் பற்றி 2023 அக்டோபரில் பெரிய சலசலப்பு எழுந்தது. நவம்பர் 1 முதல் வியாபாரிகளிடம் பரிவர்த்தனைக் கட்டணம் வாங்கப்படலாம் என்ற செய்தி பரவியதும் சிறு வியாபாரிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பல வங்கிகள் விலக்கைத் தொடர்வதாக அறிவித்தன. அந்த விலக்கு ஒவ்வொரு வங்கியும் எடுக்கும் முடிவு. ஆகவே வியாபாரக் கியூஆருக்கு விண்ணப்பிக்கும்போதே, சிறு வியாபாரிக்குக் கட்டணம் உண்டா, எதுவரை விலக்கு என்று வங்கியில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கியூஆரில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிலையானது, தொகையை வாங்குபவரே தட்ட வேண்டும். 60 ரிங்கிட்டுக்குப் பதில் 6 ரிங்கிட் என்று தட்டுவதும் நடக்கும். மற்றொன்று, ஒவ்வோர் ஆர்டருக்கும் தொகையோடு உருவாக்கப்படுவது. ஆர்டர் குறைவாக இருக்கும்வரை முதல் வகை போதும். நாளுக்கு 20, 30 ஆர்டர் வரத் தொடங்கினால் இரண்டாவது வகை தலைவலியைக் குறைக்கும்.

ரசீதுப் படம் பணம் ஆகாது

டுயிட்நாவ் முறையின் பலவீனம் ஒன்றே ஒன்று. பணம் செலுத்தியதாகச் சொல்பவர் அனுப்பும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பிவிடுவது. ரசீதுப் படத்தில் தொகையையும் தேதியையும் மாற்றக் கைப்பேசியில் ஐந்து நிமிடம் போதும். பழைய ரசீதையே மறுபடியும் அனுப்புபவர்களும் உண்டு.

ஏமாற்றும் எண்ணம் இல்லாமலும் குழப்பம் வரலாம். ‘ஜிரோ’ முறையில் அனுப்பிய பணம் உடனே வராது. நேரம் கடந்து அல்லது அடுத்த வேலை நாளில்தான் வரும். நாளைக்கு என்று தேதி குறித்து வைத்த பரிவர்த்தனைக்கும் செயலி ஒரு ரசீது காட்டும்; வாங்குபவர் அதை இரத்துச் செய்துவிடவும் முடியும்.

நட்டம் எவ்வளவு என்பதை முறுக்குக் கணக்கில் பார்க்கலாம். 5 பாக்கெட்டைப் போலி ரசீதுக்கு அனுப்பிவிட்டால் அடக்கம் 45 ரிங்கிட் போச்சு. பாக்கெட்டுக்கு 3 ரிங்கிட் இலாபம் என்ற கணக்கில், அதை ஈடுகட்ட மேலும் 15 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது ஒரு நாள் அடுப்படி உழைப்பு வீண்.

ஆகவே விதி எளிது. வந்த படத்தைப் பார்க்காமல் சொந்த வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பார்சல் கட்ட வேண்டும். ஆர்டருக்கு ஓர் எண் கொடுத்து, பணம் அனுப்பும்போது குறிப்பில் அந்த எண்ணை எழுதச் சொன்னால் யார் பணம் எது என்பதும் குழம்பாது. “கணக்கில் பணம் ஏறியதும் அனுப்புகிறோம்” என்று முதலிலேயே எழுதிவிட்டால் யாரும் மனம் கோணப்போவதில்லை.

இன்னொரு தந்திரமும் உண்டு. ‘கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று அவசரப்படுத்துவார்கள். கூடுதல் பணம் வந்ததாகக் காட்டும் ரசீதே போலியாக இருக்கும். ஆர்டர் பட்டியலைப் பார்க்க இந்தச் செயலியை இறக்குங்கள் என்று இணைப்பு அனுப்புவதும் ஒரு வகை. அதிகாரப்பூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து வரும் எந்தச் செயலியையும் இறக்கக்கூடாது. அது வங்கிக் கணக்கையே துடைத்துவிடக்கூடும்.

யார் பெயரில் கணக்கு?

மகன் கணக்கு, மருமகள் கணக்கு, தங்கை கணக்கு என்று கைக்கு வசதியான கணக்கில் வியாபாரப் பணம் வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் இரண்டு ஆபத்து.

முதலாவது, வாங்குபவரின் சந்தேகம். டுயிட்நாவ் வழி அனுப்பும்போது பெறுபவரின் பெயர் திரையில் தெரியும். பலகாரக் கடைக்கு ஆர்டர் செய்தவருக்குச் சம்பந்தமில்லாத பெயர் தெரிந்தால் அவர் பின்வாங்குவது இயல்பு. வணிகப் பெயர் தெரிந்தால் தயக்கம் குறையும்.

இரண்டாவது ஆபத்து பெரியது. வாங்குபவர் யாராவது புகார் செய்து விசாரணை வந்தால், மாட்டிக்கொள்வது கணக்குக்குச் சொந்தக்காரர். கணக்கு முடக்கப்பட்டால் அவருடைய சம்பளமும் உள்ளே சிக்கிக்கொள்ளும். இதைவிட மோசமானது, ‘ஏடிஎம் அட்டையைக் கொடுத்தால் மாதம் இவ்வளவு தருகிறோம்’ என்ற ஆசை வார்த்தைக்கு இளைஞர்கள் மயங்குவது. அப்படிக் கொடுக்கப்படும் கணக்குகள் மோசடிப் பணத்தைக் கடத்தும் ‘கெல்டாய்’ கணக்குகளாகின்றன. இதைத் தடுக்க 2024-இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, கணக்கை இரவல் கொடுப்பதே குற்றமாக்கப்பட்டது. ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பது தப்பிக்க உதவும் பதில் அல்ல.

சரியான வழி செலவு அதிகமானது அன்று. மலேசிய நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் தனியுரிமை வணிகத்தைப் பதிய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். ஈஸிபிஸ் தளத்தில் இணையம் வழி பதியலாம். ஈப்போவில் ஆணையத்தின் அலுவலகமும் இருக்கிறது. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1956 வணிகப் பதிவுச் சட்டத்தின் விதி. வீட்டிலிருந்து இணையத்தில் விற்பதும் வியாபாரமே.

பதிவு இருந்தால் வணிகக் கணக்கு, வணிகக் கியூஆர், இணையக் கட்டணச் சேவை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தில் விற்பவர் தம் வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு சேர்ந்த முழு விலை, பணம் செலுத்தும் முறை ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை 2013 ஜூலையிலிருந்து சொல்லிவருகிறது. ‘விலைக்குப் பிஎம் பண்ணுங்கள்’ என்பது அந்த விதிக்கு ஒத்துவராது.

கட்டண இணைப்பு: எப்போது லாபம், எப்போது நட்டம்?

ஆர்டர் பெருகும்போது ஒவ்வொருவரின் பணமும் வந்ததா என்று கையால் சரிபார்ப்பது முடியாத காரியமாகும். அப்போது உதவுவது இணையக் கட்டணச் சேவை. பில்பிளஸ், தொய்யிப்பே, செனாங்பே, ஐபே88 போன்றவை உள்நாட்டில் பழகிய பெயர்கள். வெளிநாட்டு நிறுவனமான ஸ்டிரைப் 2019-இல் மலேசியாவில் சேவையைத் தொடங்கியது. இவற்றில் பதிந்துகொண்டால் ஓர் இணைப்பை உருவாக்கிப் புலனத்தில் அனுப்பலாம். வாங்குபவர் அதைத் தட்டித் தம் வங்கி வழியாகவோ அட்டை வழியாகவோ செலுத்துவார். செலுத்தியதும் வியாபாரிக்குத் தகவல் வரும். போலி ரசீதுக்கு இங்கே இடமே இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. கட்டணம் இரண்டு விதமாக வெட்டப்படுகிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செலுத்தும் எஃப்பிஎக்ஸ் முறைக்குப் பெரும்பாலும் ஒரு பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. பல சேவைகளில் அது ஒரு ரிங்கிட்டை ஒட்டியிருக்கும். கடன் அட்டைக்கு விழுக்காட்டுக் கணக்கு; சில சேவைகளில் விழுக்காட்டோடு ஒரு நிலையான தொகையும் சேரும்.

எது மலிவு என்பது ஆர்டரின் அளவைப் பொறுத்தது. ஒரே தொகை 1 ரிங்கிட், விழுக்காடு 3 என்று வைத்துக்கொள்வோம். 12 ரிங்கிட் ஆர்டருக்கு முதல் முறையில் 1 ரிங்கிட் போகும். இரண்டாவதில் 36 சென் மட்டும். 200 ரிங்கிட் ஆர்டருக்கு முதல் முறையில் அதே 1 ரிங்கிட். இரண்டாவதில் 6 ரிங்கிட். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய 33 ரிங்கிட். அதற்குக் கீழே விழுக்காடு மலிவு, அதற்கு மேலே ஒரே தொகை மலிவு. 3 விழுக்காட்டோடு 1 ரிங்கிட்டும் சேர்த்து வாங்கும் சேவை என்றால், 12 ரிங்கிட் பாக்கெட்டில் 1 ரிங்கிட் 36 சென் போகும். 3 ரிங்கிட் இலாபத்தில் ஏறக்குறையப் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, ஒற்றைப் பாக்கெட்டாக விற்காமல் குறைந்தபட்ச ஆர்டர் வைப்பது. 5 பாக்கெட் சேர்ந்த 60 ரிங்கிட் ஆர்டரில் 1 ரிங்கிட் போனால், 15 ரிங்கிட் இலாபத்தில் அது பதினைந்தில் ஒரு பங்குதான்.

பணம் எத்தனை நாளில் வங்கிக்கு மாற்றப்படும் என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த வேலை நாளிலேயே தருபவர்கள் உண்டு. சில நாள் வைத்திருப்பவர்களும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மாவு வாங்கக் கையில் பணம் வேண்டும். அந்த நேரத்தில் நான்கு நாள் தாமதம்கூடக் கடன் வாங்க வைத்துவிடும். மேலும், வியாபாரிகளுக்காகப் பணம் திரட்டும் இத்தகைய நிறுவனங்கள் 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் பேங்க் நெகாராவில் பதிந்திருக்க வேண்டும். பேங்க் நெகாரா தளத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுச் சேர்வது நல்லது.

மின் பணப்பையில் பணத்தைத் தங்கவிடலாமா?

டச் என் கோ, கிராப்பே, ஷாப்பிபே போன்ற மின் பணப்பைகளில் பணம் வாங்குவது எளிது. ஆனால் அதைச் சேமிப்புக் கணக்காக நினைக்கக்கூடாது. வங்கியில் உள்ள வைப்புத்தொகைக்கு ஒவ்வொரு வங்கியிலும் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் காப்புறுதி இருக்கிறது. மின் பணப்பையில் இருக்கும் இருப்புக்கு அந்த நேரடிக் காப்புறுதி கிடையாது. தனிநபர் பணப்பைகளில் எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. ஆகவே வாரம் ஒரு முறையாவது வங்கிக்கு மாற்றிவிட வேண்டும். வணிகக் கியூஆரை நேராக வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் அந்த வேலையும் இல்லை.

பொருள் கொடுத்துப் பணம் வாங்குவது

கைப்பேசி வங்கிச் சேவை பழகாத வாடிக்கையாளர்கள், முக்கியமாக மூத்தவர்கள், ‘பார்சல் வந்ததும் பணம் தருகிறேன்’ என்பார்கள். கூரியர் நிறுவனங்கள் சில இதைச் செய்கின்றன. வாங்குபவருக்கு இது நிம்மதி. வியாபாரிக்கு மூன்று சுமை: கூடுதல் கட்டணம், பணம் தாமதமாக வருவது, பார்சலை வாங்க மறுத்தால் போகவர இரண்டு வழிச் செலவு. கேட்காமலே வந்த பார்சலுக்குப் பணம் பறிக்கும் மோசடி பரவிய பிறகு, வாசலில் பார்சலைத் திருப்பி அனுப்பும் பழக்கமும் கூடியிருக்கிறது. துணி, பாத்திரம் என்றால் திரும்பி வந்ததை மறுபடி விற்கலாம். நொறுங்கிய அதிரசத்தை என்ன செய்வது? பலகாரம் விற்பவர்கள் இந்த வழியைத் தவிர்ப்பதே மேல். வேண்டுமானால் பாதி முன்பணம் வாங்கலாம்.

ரொக்கமாகவே பழகியவர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது. வங்கிக் கிளை இல்லாத சிற்றூர்களில் மளிகைக் கடை போன்ற இடங்களில் முகவர்கள் வழி வங்கிச் சேவை தர பேங்க் நெகாரா 2012-இல் வழிசெய்தது. பிஎஸ்என் முகவர் கடைகள் அந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே ரொக்கத்தைக் கொடுத்துக் கணக்கில் போடலாம். வாகனம் இல்லாமல் பட்டணம் போய்வர அரை நாள் செலவாகும் பழைய தோட்டப் பகுதிகளில் இது இன்னும் பயன்படுகிறது.

ஷாப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் போன்ற சந்தைத் தளங்கள் இன்னொரு வழி. வாங்குபவரின் பணத்தைத் தளமே பிடித்துவைத்து, பொருள் கிடைத்தது உறுதியான பிறகு வியாபாரிக்குத் தரும். இரு தரப்புக்கும் நம்பிக்கை. புதிய வாடிக்கையாளர்களும் கிடைப்பார்கள். ஆனால் தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், இலவச அனுப்புதல் திட்டத்துக்கான பங்கு என்று வெட்டுகள் பல. அவை ஆண்டுக்காண்டு மாறுவதும் உண்டு. அங்கே விற்கும் விலையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். புலனத்தில் விற்கும் அதே 12 ரிங்கிட்டை அங்கேயும் போட்டால் உழைப்பு தளத்துக்கும் கூரியருக்கும் போய்விடும்.

சிங்கப்பூர் அண்ணனும் இலண்டன் அத்தையும்

பேராக் தமிழ்க் குடும்பங்களில் சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவராவது இருப்பார். 2023 நவம்பர் 17 முதல் சிங்கப்பூரின் பேநாவ் முறையும் நம் டுயிட்நாவும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இதில் சேர்ந்திருக்கும் வங்கியில் கணக்கு வைத்திருப்பவர் கைப்பேசி எண்ணைக் கொண்டே இங்குள்ளவருக்கு உடனடியாகப் பணம் அனுப்பலாம். சிங்கப்பூர், தாய்லாந்து, இந்தோனேசியா நாட்டவர் இங்கே வரும்போது தங்கள் நாட்டுச் செயலியால் நம் கியூஆரைப் படம் பிடித்துச் செலுத்தும் வசதியும் வந்துவிட்டது. ஈப்போவுக்கு வரும் சுற்றுப்பயணிகளிடம் விற்பவர்களுக்கு இது உதவும்.

இலண்டன், மெல்பர்ன் போன்ற இடங்களிலிருந்து ஆர்டர் வந்தால் பேபால், அட்டைக் கட்டணம், வைஸ் ஆகியவை வழிகள். வைஸ் போன்ற பணமாற்றுச் சேவையில் நாணய மாற்று விகிதம் வெளிப்படையாகத் தெரியும். நேராக வங்கிக் கணக்குக்கு வரும். பேபாலில் பரிவர்த்தனைக் கட்டணத்தோடு நாணய மாற்றிலும் ஒரு வெட்டு இருக்கும். பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை புகார் எழுப்ப முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. அட்டையில் செலுத்தியவரும் தம் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அனுப்பிய ரசீது, கண்காணிப்பு எண், கட்டிய பார்சலின் படம், பேசிய உரையாடல் ஆகியவை கையில் இருந்தால்தான் வியாபாரி தம் பக்கத்தை நிரூபிக்க முடியும். சொந்தக்காரருக்கு அனுப்புகிறோம் என்றாலும் இவற்றை ஆறு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பணம் வந்த தடமே நாளைய கடனுக்கு ஆதாரம்

வியாபாரப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால், ஆண்டு முடிவில் எவ்வளவு சம்பாதித்தோம் என்பது வியாபாரிக்கே தெரியாது. தனிக் கணக்கில் வாங்கினால் வங்கி அறிக்கையே கணக்குப் புத்தகம் ஆகிவிடும்.

இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி கடன் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது வணிகப் பதிவும் வங்கி அறிக்கையும்தான். பத்து ஆண்டு முறுக்கு விற்றவருக்கு அடுத்த வீட்டுக்காரரெல்லாம் சாட்சி சொல்வார்கள். ஆனால் கடன் அதிகாரியின் மேசையில் அந்தச் சாட்சி செல்லாது. பெரிய அடுப்பும் மாவு அரைக்கும் இயந்திரமும் வாங்க 10,000 ரிங்கிட் தேவைப்படும் நாளில், ஆறு மாத வங்கி அறிக்கை பேசும்.

வருமான வரிக்கும் இதுவே உதவும். வியாபார வருமானம் உள்ளவர்கள் பி பாரத்தில் கணக்குக் காட்ட வேண்டும். ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பணம் எண்ணியல் வழியில் வந்தால் வரி கட்ட நேரும் என்று அஞ்சி ரொக்கத்தையே பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. சிறு வருமானக்காரர்கள் பலருக்குக் கழிவுகள் போக வரியே வராது. கணக்கு இல்லாமல் மாட்டிக்கொள்வதுதான் தொல்லை.

யாருக்கு எது பொருந்தும்?

தீபாவளி, பொங்கல் சமயத்தில் மட்டும் செய்து விற்கும் இல்லத்தரசிக்கு வணிகப் பதிவு, தனி வங்கிக் கணக்கு, டுயிட்நாவ் கியூஆர் ஆகியவை போதும். மாதக் கட்டணம் வாங்கும் எந்தச் சேவையும் வேண்டாம்.

மாதம் முழுவதும் ஆர்டர் வருபவர்கள் கியூஆரோடு ஒரு கட்டண இணைப்புச் சேவையையும் சேர்த்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச ஆர்டர் வைத்தால் வெட்டு உறைக்காது. அட்டையில் செலுத்த விரும்புபவரையும் இழக்க வேண்டியதில்லை.

வெளியூர், வெளிநாடு என்று விற்பவர்கள் ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கக்கூடாது. ஒரு சேவை பழுதாகி நிற்கும் நாளிலும், தளம் விற்பவரின் கணக்கை நிறுத்திவைக்கும் நாளிலும், மாற்று வழி இருந்தால்தான் வியாபாரம் தொடரும்.

எந்த வழியானாலும், ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த நொடியில் நேரம் கடத்தக்கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடிப் பதில் மையத்தின் எண் 997. உடனே அழைத்தால் பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் மறிக்க வாய்ப்பு உண்டு. தங்கள் வங்கியின் அவசர எண்ணையும் அழைத்து, பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். மாவு, எண்ணெய் மொத்தமாக வாங்க முன்பின் தெரியாத கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த எண்மீது புகார் இருந்தால் அங்கே தெரியும்.

வெட்கப்பட்டு மறைப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. கணவர் திட்டுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று ஒரு நாள் கழிந்தால் பணமும் கழிந்துவிடும். இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கடந்த மாதம் வந்த ஆர்டர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பணம் எந்த வழியில் வந்தது, எத்தனை நாளில் வந்தது, எவ்வளவு குறைந்து வந்தது என்று பக்கத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். எந்த வழி தங்களுக்கு உதவுகிறது, எது இலாபத்தைத் தின்கிறது என்பதை அந்த ஒரு தாளே சொல்லிவிடும். அதை எழுத ஒரு 555 புத்தகமே போதும்.